ஒத்தை வீட்டுக் கணவாய்

சைக்கிளில் மணி இல்லாதவனைப் பார்த்தால் பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதிக்கே இளக்காரம். "ஏன் பாயி, கவர்மென்ட் சம்பளம் வாங்கறீங்க, ஒரு மணி வாங்க மனசு வரலையா?" என்பார்கள். எரிச்சல் இல்லாத நாளில் சிரித்துவிட்டுப் போவேன். எரிச்சலான நாளில், "எனக்கு வாய் இருக்குது, நீ ஒதுங்கு" என்பேன். என்னிடம் மணி இல்லாமல் இல்லை. வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. ஏறக்குறைய பத்து வருஷம் அதை நான் தொடவில்லை. என் மனைவி ஹாஜிரா தொட்டாலும் சத்தம் போடுவேன். இன்று காலையில்தான் வெளியே எடுத்தேன்.

என் பெயர் நூர் பாஷா. மலேரியா வேலைக்காரன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய், "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பதுதான் உத்தியோகம். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவி எடுத்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். கிளம்பும்போது, கதவோரச் சுவரில் போட்டிருக்கும் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் எப்போதாவது பின்னால் வந்து சுவரைப் பார்ப்பார். தேதி இருந்தால் நான் வந்திருக்கிறேன். இல்லையென்றால் மெமோ.

தர்மபுரியைச் சேலத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவாக்கிய அடுத்த வருஷம், 1966. எனக்கு இருபத்து நாலு வயது. என் வழிகளிலேயே செவ்வாய்க்கிழமை வழிதான் எனக்குப் பிடித்தது. சித்தேரி மலையின் ஓரமாக மூன்று சின்னக் கணவாய்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர ஏற்றம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். மூச்சு வாங்கும், ஆனால் ஆளை அடித்துப்போடுகிற மலை இல்லை. உச்சிக்குப் போய்விட்டால் அந்தப் பக்கம் சாமைக் கொல்லைகளும் புளிய மரங்களுமாகச் சரிந்து கிடக்கும். இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியாது. அதனால் ஒரு தழைக்கொம்பை ஒடித்துக் கேரியரில் கட்டி, அது தரையில் இழுபட இழுபட இறங்குவேன். பின்னால் புழுதி பறக்கும். சம்பளம் கொடுத்து இப்படி விளையாடவும் விடுகிறார்களே என்று எனக்கே சிரிப்பாக இருக்கும்.

முதல் இரண்டு கணவாய்க்கு அப்பால் ஊர்கள் இருந்தன. மூன்றாவதற்கு அப்பால் ஒரே ஒரு வீடு. ஒத்தை வீடு என்றே பெயர். அங்கே செல்லி என்ற பெண்ணும் அவளுடைய ஏழு வயது மகள் கண்ணம்மாளும் இருந்தார்கள். செல்லியின் புருஷன் மாதையன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவன், பொங்கலுக்குத்தான் வருவான். இரண்டு உயிருக்காக நான் ஒரு கணவாய் ஏறி இறங்க வேண்டும்.

உச்சியில் ஒரு கல் குவியல் உண்டு. கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் மார்க்கத்தில் அதெல்லாம் கிடையாது, இருந்தாலும் நானும் ஒரு கல்லைப் போடுவேன். போட்டுவிட்டு, சைக்கிள் மணியை நீளமாக ஒரு தடவை அடிப்பேன். அது கீழே வீடு வரைக்கும் கேட்கும். நான் பாதி இறங்குவதற்குள் கண்ணம்மாள் எதிரே ஓடி வந்துவிடுவாள். அவளுக்கு என்மேல் ஒரு பாசமும் இல்லை, எல்லாம் மணிமேல்தான். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கட்டைவிரலால் மூன்று தடவை, விட்டு விட்டு அடிப்பாள். நாலாவது தடவை அடிக்கச் சொன்னாலும் மாட்டாள். "மூணுதான்," என்பாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு அப்படித்தான்" என்று பதில் வரும்.

அவள் அம்மா செல்லிக்கு எழுத்துத் தெரியாது. நான் வந்து போன அன்று ஒரு கொட்டாங்குச்சியில் பதினாலு புளியங்கொட்டை போட்டு வைப்பாள். தினம் ஒன்று எடுத்து எறிவாள். கொட்டாங்குச்சி காலியாகிற அன்று மருந்துக்காரர் வருவார். நான் ஒரு தடவையும் தவறியதில்லை. அந்த நவம்பர் மாதம் வரைக்கும்.

அக்டோபரில் எனக்குக் கல்யாணம். வேலைக்குக் கிளம்பினால் எப்போது வீடு திரும்புவோம் என்றே இருக்கும். அப்போதுதான் பக்கத்து வழிக்காரன் இன்னாசி ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். "தூரத்து வூட்ல ஒரே நேரத்துல ரெண்டு தேதி எழுதிப்புடு. இன்னிக்குத் தேதி ஒண்ணு, அடுத்த தேதி ஒண்ணு. மறு தடவ ஏறாத. இன்ஸ்பெக்டர் வந்தா சுவத்துல தேதி இருக்கும்." சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினான். எனக்கும் அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி ஒத்தை வீட்டுச் சுவரில் அன்றைய தேதியை எழுதினேன். அதன் கீழேயே 15-11-66 என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்லி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணம்மாள் மூன்று தடவை மணி அடித்துவிட்டு, "அடுத்த தடவ எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கணும்" என்றாள். சரி என்றேன்.

பதினைந்தாம் தேதி லேசான தூறல். இரண்டு கணவாயையும் முடித்தேன். மூன்றாவதன் அடியில் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிஷம் மேலே பார்த்தேன். பாதை ஈரமாக இருந்தது. ஹாஜிரா மதியம் சேமியா செய்து வைப்பதாகச் சொல்லியிருந்தாள். சைக்கிளைத் திருப்பினேன். இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சேமியா தின்றேன். அதன் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஹாஜிராவைச் சேமியா செய்ய நான் விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் குப்புராஜ் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். "ஒத்தை வூட்ல ஒரு பொண்ணு காய்ச்சல்ல செத்துப்போச்சாம்யா. வா, பாத்துட்டு வரலாம்" என்றார்.

மூன்று கணவாயையும் அவருக்குப் பின்னால் ஏறினேன். முதல் ஏற்றத்தில், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். இரண்டாவதில், வேலை போய்விட்டால் ஹாஜிராவை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று தோன்றியது. மூன்றாவதில் ஒன்றும் தோன்றவில்லை. உச்சியில் கல் போடவும் இல்லை, மணி அடிக்கவும் இல்லை. எதிரே யாரும் ஓடி வரவில்லை.

செல்லி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துக் கொல்லைகளிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் நின்றார்கள். குப்புராஜ் நேராகச் சுவருக்குப் போனார். குனிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பதினஞ்சாம் தேதி வந்திருக்கியே. புள்ளைக்கு ஸ்லைடு எடுக்கலையா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது. "வந்தேன் சார். தட்டிக்கதவு சாத்தியிருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. ஆள் இல்லன்னு தேதிய மட்டும் எழுதிட்டுப் போயிட்டேன்."

செல்லி எழுந்துவிட்டாள். அவள் என்னைத் திட்டப்போகிறாள், நீ வரவே இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமாங்க, ஆமாங்க. நான் ஊத்துக்குப் போயிருந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டாளேன்னு கொடத்த எடுத்துக்கிட்டு ஓடினேன். காலையிலயே கீழ தூக்கிட்டுப் போகப் பாத்தேனுங்க. கொட்டாங்குச்சி காலியா இருந்துச்சு. பாயி இன்னிக்கு வருவாருன்னு வச்சிக்கிட்டு உக்காந்தேன். ஊத்துல இருக்கறப்ப மணி கேட்டுச்சு. பாயி வந்துட்டாருன்னு பாதி கொடத்தோட ஓடியாந்தேன். வந்து பாத்தா யாரும் இல்ல. புள்ளையும் இல்ல."

மணி கேட்டது என்றாள். அந்த நேரத்தில் நான் பத்து மைல் தள்ளிச் சேமியா தின்றுகொண்டிருந்தேன்.

"உன்மேல ஒண்ணும் தப்பு இல்ல," என்று இறங்கும்போது குப்புராஜ் என்னிடம் சொன்னார். "தேதி சரியா இருக்குது." கண்ணம்மாளுக்கு வந்தது மலேரியாவா வேறு ஏதாவதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்லைடு எடுத்திருந்தால்தானே தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த வழியில் போனேன். ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. புயல் அடித்தாலும் போனேன். என்ன பிரயோஜனம்? செல்லி கொட்டாங்குச்சி காலியாகிற அன்று வீட்டை விட்டு நகரமாட்டாள். கொல்லைக்குப் போகமாட்டாள், ஆட்டை அவிழ்க்கமாட்டாள், விடிந்ததிலிருந்து தட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றின் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அரை மைல் தள்ளி ஓடைக்குப் போய், முந்தின நாளே தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வாள். "அந்தத் தண்ணி தொண்டையில எறங்கலைங்க," என்றாள். நான் தேதி எழுதினேன்.

மணியை அடிப்பதை நிறுத்தினேன். அப்படியும் ஒரு தடவை உச்சியில் சக்கரம் கல்லில் ஏறிக் குலுங்கியபோது அது தானாகக் கிணுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்து அதைக் கழற்றினேன். டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த தடவை மணியில்லாத சைக்கிளோடு இறங்கினேன். செல்லி வாசலை விட்டு இறங்கிப் பாதி வழி வந்து நின்றிருந்தாள். "மணி கேட்டுச்சுங்க, அதான் வந்தேன்," என்றாள்.

"மணி கழண்டு வுழுந்துடுச்சும்மா," என்றேன்.

அவள் ஹேண்டில்பாரைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், கணவாய் உச்சியைப் பார்த்தாள். "இல்லீங்களே. இப்பத்தான் கேட்டுச்சு," என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. அன்றும் கேட்டது, அதற்கடுத்த தடவையும் கேட்டது, ஒவ்வொரு தடவையும் கேட்டது. திரும்பி ஏறும்போது என் முதுகு முழுக்கக் காதாக இருக்கும். காற்றும் சருகும் என் செருப்புச் சத்தமும்தான். இறங்கும்போது கேரியரில் இழுபடும் தழைக்கொம்பின் சரசரப்புகூடப் பின்னால் யாரோ ஓடி வருவதுபோல இருந்தது. கொம்பு கட்டுவதை விட்டேன். இறக்கத்திலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். சிரித்துக்கொண்டு இறங்கிய ஆள் எங்கே போனான் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில், கெஞ்சிக் கூத்தாடி ஒகேனக்கல் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ஏற வேண்டிய கணவாய் இல்லை, ஆறுதான். எட்டு வருஷம் அங்கே இருந்தேன். தப்பித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் யார் வீட்டுச் சுவரில் தேதி எழுதினாலும், எழுதி முடித்ததும் கீழே இன்னொரு வரி இருக்கிறதா என்று கண் தேடும்.

இந்த வருஷம், 1976-ல், காய்ச்சல் மறுபடியும் எல்லா ஊரிலும் கிளம்பியதால் என்னைப் பழைய வழிக்கே அனுப்பினார்கள். புதிய பட்டியலில் இரண்டு கணவாய்தான் இருந்தது. மூன்றாவதுக்கு நேரே, 'குடியிருப்பு இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன என்று ஹாஜிரா கேட்டாள். பத்து வருஷமாகச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். சேமியாவையும் சேர்த்துத்தான். அவள் அழவில்லை. "அந்தப் பொம்பள செத்துப்போனான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க," என்றாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை போனேன். இரண்டு கணவாயை முடித்துவிட்டு, மூன்றாவதன் அடியில் நின்றேன். அதே இடம். இந்த முறை சைக்கிளைத் திருப்பவில்லை. பாதையை முள் மூடியிருந்தது. உச்சியிலிருந்த கல் குவியலைப் புல் மூடிவிட்டது. வெகுநாளாக யாரும் கடக்கவில்லை என்று தெரிந்தது. ஒரு கல்லைத் தேடி எடுத்துப் போட்டேன்.

பாதி இறங்கியபோது அவள் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. மாதையன் குடகிலேயே தங்கிவிட்டான் என்றும், தான் மட்டும் இருப்பதாகவும் சொன்னாள். நான் போன பிறகு மருந்துக்காரர் யாரும் வரவே இல்லையாம். ஆனாலும் பதினாலு நாளைக்கு ஒரு தடவை வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்துதான் இருக்கிறாள். "மணி கேக்குதே, எப்படிங்க போறது?" என்றாள், சாதாரணமாக.

வீடு வெள்ளையடித்திருந்தது. கதவோரம் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுச் சுற்றி அடித்திருந்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. இருந்தாலும் 15-11-66 என்று படிக்க முடிந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "செல்லி, அன்னிக்கு நான் வரல," என்றேன். "இந்தத் தேதிய முந்தின தடவையே எழுதிட்டேன். கணவாய்க்கு அந்தப் பக்கமே திரும்பிட்டேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது பொய். நீ ஊத்துக்குப் போனதுனால ஒண்ணும் ஆகல. நீ வூட்லயே இருந்திருந்தாலும் யாரும் வந்திருக்கமாட்டாங்க."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடு ஒன்று கத்தி ஓய்ந்தது.

"ரெண்டு வரி எழுதினீங்க," என்றாள் கடைசியில். "நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். ஆபீசரு வந்து படிச்சப்ப, எழுத்துத் தெரியாதவ எனக்கென்ன தெரியும்னு என் கண்ண நானே நம்பல." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மணி அடிச்சது யாருங்க?"

"நான் எப்பவும் நீளமா ஒரு தடவதான் அடிப்பேன்," என்றேன். "உனக்குக் கேட்டது எப்படி இருந்துச்சு?"

அவள் பக்கத்திலிருந்த காலிக் குடத்தின் விளிம்பை விரல் மோதிரத்தால் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கொஞ்சம் விட்டு மூன்றாவது. தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் எழுந்து குடத்தை இடுப்பில் வைத்தாள். ஓடைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், பத்து வருஷமாகப் போகாத ஊற்றுப் பாதையில் புதரை விலக்கிக்கொண்டு இறங்கினாள். "வூட்ல இருங்க," என்றாள் என்னிடம். "தட்டிய சாத்தாதீங்க."

நான் அந்த வீட்டுக்குள், திறந்த வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். நடுப்பகல். வெயில் வாசலில் கட்டம் போட்டதுபோல விழுந்திருந்தது. என் சைக்கிள் புளிய மரத்தில் சாய்ந்திருந்தது, மணி இல்லாத ஹேண்டில்பார் எனக்கு நேராகத் தெரிந்தது. அப்போது கேட்டது. கணவாய்ப் பக்கத்திலிருந்து. ஒன்று. விட்டு ஒன்று. விட்டு ஒன்று. நாலாவது இல்லை.

நான் எழுந்து வெளியே ஓடினேன். பாதையில் யாரும் இல்லை. புல்கூட அசையவில்லை. பயம் என்று சொன்னால் போதாது. அந்த நிமிஷத்தில் நான் இருபத்து நாலு வயதில் திருப்பிய சைக்கிளை இப்போது திருப்பிக்கொண்டு மேலே போய்விட முடியுமா என்று பைத்தியம்போல நினைத்தேன்.

செல்லி ஊற்றுப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அவள் ஓடவில்லை. குடம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள்.

"கேட்டுச்சுங்களா?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றேன்.

"தண்ணிதான் கேக்கறா. அன்னிலேருந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கா. நான் உங்கள எதிர்பாத்து வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள். ஒரு சொம்பு நிறைய மொண்டு, சுவரோரம், அந்தக் கட்டத்தின் கீழே வைத்தாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

கிளம்பும்போது அவள் என்னை வாசல் வரை வந்து நிறுத்தினாள். "உங்கள மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லல பாயி. அது என் வாயில வரல," என்றாள். "அந்த மணி வுழுந்துடுச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் பொய்தான?"

"பொய்தான்," என்றேன்.

"அடுத்த தடவ எடுத்தாந்து குடுத்துடுங்க. அது உங்களுது இல்ல."

அதனால்தான் இன்று பெட்டியைத் திறந்தேன். மணியில் துரு பிடித்திருந்தது. ஹாஜிரா தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். வேலை செய்கிறதா என்று அடித்துப் பாருங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். மறுபடி துணியில் சுற்றி மாத்திரைப் பையில் வைத்துக்கொண்டேன். வருகிற செவ்வாய் மூன்றாவது கணவாய் ஏற வேண்டும்.